வாகையா, நஞ்சறுப்பானா, கருஞ்சீரகமா? மாஸ்ட் செல் ஆய்வுக்கு எந்தச் செடியை எடுப்பது

ஜூலைக் கடைசியில் ஒரு எம்.ஃபார்ம் மாணவி என் மேஜைமேல் மூன்று பொட்டலங்களை வைத்தார். ஒன்றில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கால் கிலோ கருஞ்சீரகம். இன்னொன்றில் ஈரம் காயாத வாகைப்பட்டை. மூன்றாவது, நனைத்த செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொடி. நஞ்சறுப்பான் என்று சொல்லி ஊரில் ஒரு பெரியவர் பறித்துக் கொடுத்தாராம்.

"சார், ஹிஸ்டமின் ரிலீஸைத் தடுக்கிற செடி ஒண்ணு எடுத்து தீசிஸ் பண்ணணும். ஆறு மாசம்தான் இருக்கு. இதுல எது பாசிட்டிவ்வா வரும்?"

"எல்லாமே வரும்மா" என்றேன். அதுதான் சிக்கலே.

தும்மலையும் அரிப்பையும் இளைப்பையும் கிளப்பும் பொருள் ஹிஸ்டமின். அதை உள்ளே சேர்த்துவைத்திருந்து ஒவ்வாமையின்போது வெளியே விடுவது மாஸ்ட் செல். எந்தச் செடியின் சாற்றையும் கெட்டியாக ஊற்றினால் மாஸ்ட் செல் ஹிஸ்டமினை விடாமல் நிற்பதுபோலத் தெரியும். செல் செத்துப்போயிருக்கலாம். சாற்றின் நிறம் மீட்டரை ஏமாற்றியிருக்கலாம். தூண்டுவதற்குப் போட்ட மருந்தைச் சாறே பிடித்துவைத்துக்கொண்டிருக்கலாம். தசைத்துண்டில் பார்த்திருந்தால், ஹிஸ்டமின் தாராளமாக வெளியே வந்தும் தசை சுருங்க முடியாமல் கிடந்திருக்கலாம். நான்கிலும் தாளில் வருவது ஒரே வரிதான்: 'குறிப்பிடத்தக்க தடுப்பு'. அதனால் எது வேலை செய்யும் என்று கேட்டுச் செடியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. எந்தச் செடி சொல்லும் பொய்யை நம்மிடம் இருக்கிற கருவிகளை வைத்து ஆறு மாதத்துக்குள் பிடிக்க முடியும் என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மூன்று பொட்டலங்களையும் அப்படித்தான் பார்க்கப்போகிறேன். ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும் குவர்செட்டின் (செடிகளிலிருந்து பிரித்த மஞ்சள் பொடி) பாட்டிலை நான்காவதாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் சோதனை, அப்புறம் செடி

மாஸ்ட் செல்லுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பால் எர்லிக். 1878-இல், தன் முனைவர் பட்ட ஆய்வில். சாயம் ஏற்றியபோது உள்ளே துகள்கள் திணித்துக் கிடந்ததைப் பார்த்து, நன்றாகத் தீனி தின்று கொழுத்த செல் என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லை வைத்தார். 1910-இல் டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் உடலில் என்னென்ன செய்கிறது என்று விவரித்தார்கள். ஆனால் உடலில் அந்த ஹிஸ்டமின் தங்கியிருப்பது எர்லிக் பார்த்த அதே துகள்களில்தான் என்பது 1953-இல்தான் உறுதியானது. அதைக் காட்டியவர்கள் ரைலியும் வெஸ்ட்டும்.

இன்றைக்கு நமக்குத் தேவையான பிரிவு எளிமையானது. வெளியே வந்த ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைப்பது ஒரு வகை. செட்டிரிசின் செய்வது அது. ஹிஸ்டமின் வெளியே வரவே விடாமல் செல்லை அடக்கிவைப்பது இன்னொரு வகை. சோடியம் குரோமோகிளைகேட் செய்வது இது. தீசிஸ் தலைப்பில் 'ரிலீஸ்' என்ற சொல் இருந்தால் இரண்டாவதைத்தான் காட்ட வேண்டும். நம் கல்லூரிகளில் பாதிப்பேர் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதன் பெயரை வைத்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் ஆட்டு மூச்சுக்குழல். ஆட்டுத்தொட்டியிலிருந்து வாங்கிவந்து, வளையம் வளையமாக வெட்டி, நூலால் சங்கிலிபோலக் கட்டி, ஆர்கன் பாத்தில் (தசைத்துண்டை உயிரோடு வைத்திருக்கும் உப்புநீர்த் தொட்டியில்) தொங்கவிட்டு ஹிஸ்டமின் ஊற்றுவோம். அது சுருங்கும். சாறு போட்டபின் சுருக்கம் குறைந்தால் மகிழ்ச்சி. மலிவானது, எத்திக்ஸ் கமிட்டிக்கு அலைய வேண்டாம், நல்ல சோதனைதான். ஆனால் அதில் ஹிஸ்டமினை ஊற்றியதே நாம். செல் எதையும் வெளியிடவில்லை. இருந்தால்தானே தடுப்பதற்கு? கினிப் பன்றியின் சிறுகுடலில் செய்தாலும் இதே கதைதான். கினிப் பன்றிக்கு முன்கூட்டியே முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஊசியாகப் போட்டு ஒவ்வாமை ஏற்படுத்திவிட்டு, அப்புறம் குடலை எடுத்து அதே புரதத்தைக் காட்டினால் கதை மாறும். அப்போது திசுவுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்லே ஹிஸ்டமினை விடுகிறது. ஷுல்ட்ஸ் 1910-இலும் டேல் 1913-இலும் தொடங்கிவைத்த முறை அது. அதிலும் ஒரு கூடுதல் வேலை உண்டு. அதே குடலில் ஹிஸ்டமினைத் தனியாகவும் தசையைச் சுருக்கும் இன்னொரு பொருளான அசிட்டைல்கோலினைத் தனியாகவும் ஊற்றிப் பார்க்க வேண்டும். சாறு மூன்றையும் தடுத்தால் அது தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். புரதத்துக்கு வரும் சுருக்கத்தை மட்டும் தடுத்து, ஊற்றிய ஹிஸ்டமினுக்கு வழிவிட்டால்தான் ரிலீஸ் என்று பேசலாம்.

ஆடாதோடையை நான் பட்டியலில் சேர்க்காததும் இதனால்தான். இருமலுக்கு நம் வீடுகளில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதிலுள்ள வாசிசினை அடியொற்றித்தான் புரோம்ஹெக்ஸின், அம்ப்ராக்சால் என்ற சளி மருந்துகள் வந்தன. ஆனால் அதன் முக்கிய வேலை மூச்சுக்குழாயை விரிப்பதும் சளியை இளக்குவதும். தசைத்துண்டில் அழகான கோடு வரும், மாஸ்ட் செல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடுகுரோகிணியையும் விட்டுவிடலாம். இமயமலைச் செடி, காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி அருகிப்போய், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கடையில் அந்தப் பெயரில் தரும் வேர் எதுவென்று உறுதிசெய்யவே இரண்டு மாதம் போகும்.

சரி, ரிலீஸை நேராகப் பார்க்க எது வழி? எலியின் வயிற்றறையில் மிதக்கும் மாஸ்ட் செல்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோடு எலியைக் கருணைக்கொலை செய்தபின், வயிற்றறைக்குள் 10 மில்லி இளஞ்சூடான பஃபரை (செல்லைக் கெடுக்காத உப்புக் கரைசலை) ஏற்றி, ஒன்றரை நிமிடம் மெதுவாகப் பிசைந்து, திரவத்தை வெளியே எடுப்போம். அதில் வரும் செல்களில் நூற்றுக்கு ஐந்து அளவுதான் மாஸ்ட் செல். சென்ட்ரிஃப்யூஜில் மெதுவான வேகத்தில் சுற்றி, சாற்றோடு பத்து நிமிடம் வைத்து, தூண்டியைப் போட்டு, டொலூடின் நீலம் ஏற்றி ஸ்லைடில் பார்ப்போம். மற்ற செல்கள் வெளிறிய நீலமாக இருக்கும்போது மாஸ்ட் செல் மட்டும் ஊதாவாக நிற்கும். உள்ளே இருக்கும் ஹெப்பாரின் சாயத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. கலையாத செல் நாவற்பழம் மாதிரி உருண்டையாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். கலைந்த செல்லைச் சுற்றி ஊதாப் பொடி தூவியதுபோலத் துகள்கள் சிதறிக் கிடக்கும். இடைப்பட்டதும் உண்டு: உருண்டைதான், ஆனால் ஓரத்தில் நான்கைந்து துகள் எட்டிப்பார்க்கும். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த நேரத்தில் கைடு முகம் நினைவுக்கு வந்தால் 'கலையவில்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு விழும். அதனால் ஸ்லைடில் இருக்கும் எழுத்தை வேறொருவர் மறைத்து எண் போட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணுபவருக்கு எது கன்ட்ரோல், எது சாறு என்று கடைசிவரை தெரியக்கூடாது. இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் யாரும் செய்வதில்லை.

ஸ்லைடோடு நிறுத்தாமல் வெளியே வந்த ஹிஸ்டமினை அளக்கவும் வேண்டும். ஆர்த்தோ-தாலால்டிஹைடு சேர்த்து ஒளிர்வை அளக்கும் முறையை ஷோரும் கூட்டாளிகளும் 1959-இல் கொடுத்தார்கள். 360 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் 450-ஐ ஒட்டி ஒளிர்வு வரும். இன்றும் பெரும்பாலான இடங்களில் அதுதான். ஃப்ளோரிமீட்டர் இருந்தால் போதும்.

இதில் நான் பட்டது ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மஞ்சள் நிறச் சாற்றை வைத்து ஓட்டினேன். தடுப்பு ஏறத்தாழ முழுமையாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியாகிவிட்டது. மறுநாள் ஒரு சந்தேகத்தில் செல்லே இல்லாத குழாயில் தெரிந்த அளவு ஹிஸ்டமினை ஊற்றி, அதில் சாற்றையும் கலந்து மீட்டரில் வைத்தேன். பாதிதான் காட்டியது. சாறு ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தது. செல் பாவம், வழக்கம்போல ஹிஸ்டமினை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு மாத வேலை குப்பைத்தொட்டிக்குப் போனது. அந்த ஒற்றைக் குழாயை முதல் நாளே வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

அப்புறம் தூண்டி. நம் ஊரில் பெரும்பாலும் 48/80 என்ற சேர்மம்தான். மலிவு, வேகம், தவறாமல் வேலை செய்யும். ஆனால் அது ஒவ்வாமையின் வழியில் போவதில்லை. ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தொடாமல் வேறொரு வாசல் வழியாக நுழைகிறது. மனிதனிடம் அந்த வாசலுக்கு எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்2 என்று பெயர். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளும் அதே கதவைத் தட்டித்தான் அரிப்பையும் தடிப்பையும் கிளப்புகின்றன என்று 2015-இல் தெரிந்தது. இன்னொன்று, 48/80 நேர்மின் சுமை கொண்ட பாலிமர். பட்டை, தோல் ஆகியவற்றின் சாற்றில் இருக்கும் டானின் (துவர்ப்புப் பொருள்) போன்றவை அதைக் குழாயிலேயே பிடித்து உட்காரவைத்துவிட வாய்ப்புண்டு. ஆகவே 48/80-இல் கிடைத்த தடுப்பை, கால்சியம் அயனோஃபோரிலோ (செல்லுக்குள் கால்சியத்தை நேராக ஏற்றிவிடும் பொருள்) ஒவ்வாமைப் புரதத்திலோ மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இரண்டு தூண்டிகளுக்கும் ஈடுகொடுத்தால் மேலே பேசலாம்.

நஞ்சறுப்பான்: மனிதரிடம் அதிகம் சோதிக்கப்பட்டது

மூன்று பொட்டலங்களில் வரலாறு கனமானது இதுதான். டைலோஃபோரா இண்டிகா, இப்போது தாவரவியலார் வின்சிடாக்சிகம் இண்டிகம் என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இபிகாக் வேருக்குப் பதிலாக வாந்தி எடுக்கவைக்க இதைக் கொடுத்திருக்கிறார்கள். 1960-களின் கடைசியில் டெல்லியில் ஷிவ்புரியும் குழுவினரும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு நாளுக்கு ஒரு இலை, ஆறு நாள் மெல்லக் கொடுத்தார்கள். இரட்டை மறைப்புச் சோதனை: யாருக்கு உண்மையான இலை, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நிறுத்திய பிறகும் சில வாரங்கள் இளைப்பு குறைந்திருந்ததாக எழுதினார்கள். ஆறு இலையில் ஆஸ்துமா அடங்குகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 1979-இல் வந்த வேறொரு குழுவின் இரட்டை மறைப்புச் சோதனையில் போலி மருந்துக்கும் இதற்கும் வேறுபாடு தென்படவில்லை.

முதல் சோதனைகளில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. இந்த இலையை மென்றால் வாய் புண்ணாகும், உப்புச் சுவை தெரியாமல் போகும், குமட்டும். தனக்குக் கிடைத்தது எந்த இலை என்று நோயாளியின் நாக்கே சொல்லிவிடுமே! பிறகு என்ன மறைப்பு?

ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய தொல்லை இருக்கிறது. இதன் அல்கலாய்டான டைலோஃபோரினும் அதன் உறவுகளும் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தக்கூடியவை. உறவுகளில் ஒன்றான டைலோக்ரெப்ரினை 1960-களில் புற்றுநோய் மருந்தாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து, நரம்பு மண்டலத்தில் வந்த பாதிப்பால் கைவிட்டார்கள். இப்படிப்பட்ட நஞ்சு மெதுவாக வேலை செய்யும். பத்து நிமிடம் வைத்து, செத்த செல்லுக்கு மட்டும் நிறமேற்றும் டிரைபன் நீலம் ஏற்றினால் செல்கள் உயிரோடுதான் இருக்கும். சோதனையில் தேறிவிடும். அந்த செல் உண்மையில் அமைதியாக இருக்கிறதா, சாகத் தொடங்கிவிட்டதா என்பதை நம்மால் சொல்ல முடியாது. அதைப் பிடிக்க ஒரு நாள், இரண்டு நாள் செல்களை வளர்த்துப் பார்க்கும் வசதி வேண்டும். அது எங்களிடம் இல்லை. தவிர, இந்த அல்கலாய்டுகள் வெளிச்சத்தில் சிதையும். பழுப்புப் பாட்டில், இருட்டறை என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

பெரியவர் கொடுத்த கொடியில் பூவும் இல்லை, காயும் இல்லை. எதிரெதிர் இலை, ஒடித்தால் கசியும் சாறு. இந்தக் குடும்பத்தில் இப்படி எத்தனையோ கொடிகள். ஹெர்பேரியத்துக்கு (உலர்செடிகளை வைத்து அடையாளம் சொல்லும் இடத்துக்கு) அனுப்பினால் பூவோடு கொண்டுவா என்பார்கள். பூக்கும்வரை தீசிஸ் காத்திருக்காது.

நல்ல செல் வளர்ப்பு ஆய்வகமும் மூன்று ஆண்டுகளும் கையில் இருந்தால், முனைவர் பட்டத்துக்கு நானே இதைத்தான் சொல்வேன். ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

கருஞ்சீரகம்: கையில் கிடைப்பது, குழாயில் கரையாதது

கருஞ்சீரகத்தில் வேலைக்கு அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. அதன் எண்ணெயில் உள்ள தைமோகுவினோன், அதன் கூட்டு வடிவமான நைஜெல்லோன். நைஜெல்லோன் எலியின் வயிற்றறை மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமின் வெளியாவதைக் குறைக்கிறது என்று 1993-இல் சக்ரவர்த்தி காட்டினார். செல்லுக்குள் கால்சியம் ஏறுவதை அது அடக்குவதாக விளக்கம். மூன்று பொட்டலங்களில் வேதியியல் மிகத் தெளிவாக இருப்பது இதில்தான்.

தடுமாற்றம் வேறிடத்தில். எண்ணெய் பஃபரில் கலக்காது. டிஎம்எஸ்ஓ-விலோ ஆல்கஹாலிலோ கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கரைப்பானே மாஸ்ட் செல்லைத் தொந்தரவு செய்யும். அளவைக் குறைத்தால் எண்ணெய் துளித்துளியாக மேலே மிதக்கிறது, கூட்டினால் கன்ட்ரோல் கெடுகிறது. தைமோகுவினோன் ஆவியாகவும் கூடியது. திங்களன்று பிழிந்த எண்ணெயும் வெள்ளியன்று அதே பாட்டிலிலிருந்து எடுத்ததும் ஒன்றாக இருக்கும் என்று ஹெச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லாமல் சொல்ல முடியாது.

இன்னொன்றை மேஜையிலேயே பார்த்தோம். பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினேன். எல்லாமே கறுப்பு, எல்லாமே கோணலான முனைகள். பத்துப் பத்தாக எடுத்து உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். சிலதில் ஓமமும் மிளகும் கலந்ததுபோல ஒரு காரமான வாசனை. சிலதில் ஒன்றுமே இல்லை. வாசனையற்ற விதையை லென்ஸில் பார்த்தால் தோல் சுருங்கி, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. வெங்காய விதை. கருஞ்சீரகத்தில் அதைக் கலப்பது புதிய கதை இல்லை. மாணவியின் முகம் வாடிவிட்டது. விதை வணிகரிடம் வாங்கி, ஒரு பிடியை முளைக்கப்போட்டுப் பார்த்தால் இந்தப் பிரச்சினை தீரும். கரைப்பான் பிரச்சினை தீராது.

வாகை: பொய் சொன்னால் சிவந்துபோகும்

வாகைக்குச் சாலையோரம் போனால் போதும். வாகை சூடினார் என்று நாம் சொல்லும் அந்த மரம்தான். கோடையில் இலை உதிர்ந்து, வெளிறிய நெற்றுகள் காற்றில் கலகலவென்று கிடக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். தூங்குமூஞ்சி மரத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நெற்றைப் பார்த்தால் குழப்பம் போய்விடும்: தூங்குமூஞ்சியுடையது தடித்து, பிசுபிசுப்பாக இருக்கும். வாகையுடையது தாள் மாதிரி மெல்லியது, விதைகள் புடைத்துத் தெரியும்.

1979-இல் திரிபாதி, சென், தாஸ் மூவரும் வாகைப்பட்டைக் கஷாயத்தை எலி மாஸ்ட் செல்லில் பார்த்தார்கள். எலிகளுக்குக் குதிரைச் சீரத்தால் ஒவ்வாமை ஏற்படுத்தி, பிறகு அதே சீரத்தால் தூண்டினார்கள். ஒப்பிட குரோமோகிளைகேட்டும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும். பட்டையும் குரோமோகிளைகேட்டும் துகள் வெளியேற்றத்தை நன்றாகவே தடுத்தன. அந்தத் தாளில் எனக்குப் பிடித்தது, பட்டையில் உள்ள செயற்பொருள் கொதித்தாலும் கெடாது, தண்ணீரில் கரையும் என்று அவர்கள் எழுதியிருப்பது. நம் கஷாய முறைக்கு அப்படியே பொருந்துகிறது. டிஎம்எஸ்ஓ வேண்டாம், இருட்டறை வேண்டாம். 48/80 அல்லாமல் உண்மையான ஒவ்வாமைப் புரதத்தில் செய்த வேலை என்பது கூடுதல் பலம்.

இதன் பொய் சபோனின். வாகைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் உசிலை. உசிலை இலையை அரைத்துத்தான் அரப்புத்தூள். தலைக்குத் தேய்த்தால் நுரைக்கிறதே, அது சபோனின் வேலை. வாகைப்பட்டையிலும் அது உண்டு. கஷாயத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் குலுக்கினால் நுரை கட்டிக்கொண்டு நிற்கும். சபோனின் செல் உறையை ஓட்டையாக்கும். அளவு கூடினால் மாஸ்ட் செல் உடைந்து, தூண்டி போடுவதற்கு முன்பே ஹிஸ்டமின் வெளியே கொட்டிவிடும். அப்புறம் தூண்டினால் விடுவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. கணக்குப் போடத் தெரியாதவர் அதைத் 'தடுப்பு' என்று எழுதிவிடுவார்.

ஆனால் இந்தப் பொய்யைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கழுவி, நூற்றுக்கு இரண்டு பங்காகக் கலக்கி, கஷாயத்தோடு அரை மணிநேரம் வைத்துச் சுற்றினால் போதும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் அந்த அளவு பாதுகாப்பானது. ரோஜா நிறமானால் சபோனின் கிழிக்கிறது. மீட்டர்கூட வேண்டாம், கண்ணுக்கே தெரியும். அடுத்த படியாக, கஷாயத்தை நார்மல் பியூட்டனாலோடு குலுக்கினால் சபோனின் பெரும்பாலும் பியூட்டனால் அடுக்குக்குப் போய்விடும். கீழே நிற்கும் தண்ணீர் அடுக்கையும் மேலே நிற்கும் அடுக்கையும் தனித்தனியாகச் சோதித்தால் தீசிஸுக்கு ஒரு உண்மையான கேள்வி கிடைக்கிறது: ஹிஸ்டமினை அடக்குவது சபோனினா, வேறு ஏதாவதா? 1980-களின் நடுவில் ஜோரியும் குழுவினரும் வாகைச் சபோனினையும் குவர்செட்டினையும் எலி மாஸ்ட் செல்லில் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

குறை ஒன்று உண்டு. பட்டையில் டானினும் இருக்கிறது. அதனால் 48/80-ஐ மட்டும் நம்பக்கூடாது என்று மேலே சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும். இன்னொன்று, நிற்கிற மரத்தில் பட்டையை உரிக்காதீர்கள். மின்கம்பிக்காக வெட்டிப்போடும் கிளைகளே ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

குளிர்பெட்டியில் இருக்கும் மஞ்சள் பொடி

குவர்செட்டின் செடி அல்ல, செடியிலிருந்து பிரித்த தனிச் சேர்மம். வெங்காயத் தோலிலும் முருங்கை இலையிலும் தாராளமாக உண்டு. லண்டனில் ஃபியூட்ரெலும் கோம்பெர்ட்ஸும் 1977-இல் அது எலி மாஸ்ட் செல்லின் ஹிஸ்டமின் சுரப்பைத் தடுப்பதைக் காட்டினார்கள். பிறகு 1984-இல் பியர்ஸ், பெஃபஸ், பினென்ஸ்டாக் மூவரும் எலிக் குடலின் உட்சவ்வு மாஸ்ட் செல்லிலும் அது வேலை செய்வதைக் கண்டார்கள். இது முக்கியம். ஏனென்றால் குரோமோகிளைகேட் அந்தக் குடல் செல்லைத் தொடுவதே இல்லை. 2012-இல் மனித மாஸ்ட் செல் வளர்ப்பில் ஒப்பிட்டபோதும் குவர்செட்டின் குரோமோகிளைகேட்டை முந்தியது.

அப்படியானால் செடியே வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளலாமே என்று மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. நூற்றுக்கணக்கான பேர் உழுத நிலம் என்பது ஒரு பதில். இன்னொரு பதில், அது 370 நானோமீட்டரை ஒட்டி ஒளியை விழுங்கும். ஹிஸ்டமினை அளக்க நாம் பாய்ச்சுவது 360. என் மஞ்சள் சாற்றுக் கதை நினைவிருக்கிறதா? அதே வலை. அதனால் இதை ஆய்வுப்பொருளாக அல்ல, ஒப்பீட்டுப் பொருளாக ஒரு வரிசையில் வைத்துக்கொள்ளலாம். அளக்கும்போது செல்லற்ற குழாயை மறக்கக்கூடாது.

வழக்கமான ஒப்பீட்டு மருந்தான குரோமோகிளைகேட்டும் ஒரு செடியிலிருந்து கிளம்பியதுதான். எகிப்தில் சிறுநீரகக் கல்வலிக்குக் கொடுத்துவந்த அம்மி விஸ்னாகா என்ற செடி, அதிலிருந்து கெல்லின், அதன் சாயலில் செய்த சேர்மங்கள். இங்கிலாந்தில் ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர், தானே ஆஸ்துமாக்காரர், கினிப் பன்றி முடியை ஊறவைத்த நீரை மூச்சில் இழுத்து இளைப்பை வரவழைத்துக்கொண்டு ஒவ்வொரு சேர்மத்தையும் தன்மேலேயே சோதித்தார். 1965-இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. கினிப் பன்றிமேல் செய்யும் சோதனைகளை அவர் நம்பவில்லை, அதில் அவர் செய்தது சரி. இந்த மருந்து எலியின் வயிற்றறை செல்லில் பிரமாதமாக வேலை செய்யும், சுண்டெலியில் ஏறத்தாழ ஒன்றுமில்லை, மனிதத் தோலின் மாஸ்ட் செல்லிலும் எடுபடாது. ஆகவே சுண்டெலியில் சோதனை வைத்துக்கொண்டு 'எங்கள் செடி குரோமோகிளைகேட்டை வென்றது' என்று எழுதுவது படுத்திருப்பவனை ஓட்டப்பந்தயத்தில் வென்ற கதை. எலியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குரோமோகிளைகேட்டை முன்கூட்டியே பத்து நிமிடம் ஊறவைத்தால் அதன் வீரியம் குறைந்துவிடும், தூண்டியோடு ஒரே நேரத்தில் போட வேண்டும். சாற்றையும் அதையும் ஒரே மாதிரி ஊறவைப்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் சாறு சுலபமாக ஜெயித்துவிடும்.

இதைப் படிப்பவர்களில் காலையில் பத்துத் தும்மலோடு எழுந்திருப்பவர்களும் இருப்பீர்கள். எலி வயிற்றறை செல்லைக் குழாயில் அடக்கிய கஷாயம் உங்கள் மூக்கை அடக்கும் என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. நஞ்சறுப்பான் இலையை மெல்ல வேண்டாம். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

கடைசியில் முடிவானது வாகை. பட்டைக் கஷாயம், அதன் பியூட்டனால் அடுக்கு, தண்ணீர் அடுக்கு என்று மூன்று. ஒப்பிட குரோமோகிளைகேட், குவர்செட்டின். தூண்டிகள் 48/80-உம் கால்சியம் அயனோஃபோரும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால் கடைசி மாதத்தில் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் ஒவ்வாமை ஏற்படுத்திய எலிகள் ஒரு தொகுதி. தூண்டாமலேயே வெளியேறும் ஹிஸ்டமின் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் அன்றைய செல்களைக் கொட்டிவிடுவது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

முதல் மாதம் எலியே தேவையில்லை. சிவப்பணுச் சோதனையும் செல்லற்ற குழாயும் மட்டும். 48/80 பாட்டில் ஆர்டர் போட்டு வருவதற்கு எப்படியும் வாரக்கணக்கில் ஆகும். அதை இன்றைக்கே போடச் சொன்னேன். அது வருவதற்குள் பட்டை நிழலில் காய்ந்துவிடும்.